மருந்து பாதி, செய்தி பாதி!

மனநோய்க்கு வரும் புதிய சிகிச்சையில் நோயாளியின் எதிர்பார்ப்பையும் அளக்கிறார்கள்

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நடந்த ஒரு விசித்திரமான பரிசோதனையின் முடிவு 2020-ம் ஆண்டில் வெளியாயிற்று.

33 மாணவர்களை ஓர் அறையில் கூட்டினார்கள். விருந்துக்கு அலங்கரித்தது போல் அறை முழுவதும் வண்ண விளக்குகள். சுவர்களில் ஓவியங்கள். காதுக்கு இதமான இசை. ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மாயக் காளானில் இருப்பதைப் போன்ற மருந்து என்றும், சீக்கிரமே வேலை செய்யத் தொடங்கும் என்றும் சொன்னார்கள்.

நான்கு மணி நேரம் மாணவர்கள் அங்கே இருந்தார்கள். சிலருடைய கண்ணுக்குச் சுவரில் இருந்த ஓவியங்கள் அசைந்தன, உருமாறின. வேறு சிலருக்கு உடம்பு கனத்தது. பூமி தங்களைக் கூடுதலாக இழுப்பதுபோல் இருந்தது. நூற்றுக்கு 61 பேர் தங்களிடம் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாத்திரையில் மருந்தே இல்லை. அது வெற்று மாத்திரை! மருந்து ஏறியதுபோல் நடிப்பதற்காகச் சிலரைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். பரிசோதனை முடிந்ததும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் மாலை, ஓர் அறையில், நாலு பேச்சு கேட்டதற்கே இவ்வளவு பலன். அப்படியானால், பத்திரிகையும் டெலிவிஷனும் செல்போன் வீடியோவும் மாதக் கணக்கில் "அற்புத மருந்து வந்துவிட்டது" என்று ஓதிக்கொண்டே இருந்தால்? அதையெல்லாம் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி குணமடைந்தால், அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, செய்தியின் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விதான் மேல்நாட்டு மனநோய் டாக்டர்களை இன்று குடைந்துகொண்டிருக்கிறது.

கைராசியின் ரகசியம்

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிய விஷயம் அல்ல. "அந்த டாக்டருக்குக் கைராசி உண்டு" என்று சொல்லி, வீட்டுக்கு எதிரே இருக்கும் டாக்டரை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். மருந்துச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு டாக்டர்களும் ஒரே மாத்திரையைத்தான் எழுதியிருப்பார்கள். ஊசி போடாத டாக்டரிடம் போய்வந்தால் வைத்தியம் பார்த்த திருப்தியே இல்லை என்பவர்களும் உண்டு.

இந்த நம்பிக்கையை வெறும் மூடநம்பிக்கை என்று டாக்டர்கள் தள்ளிவிடுவதில்லை. குணமாகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கும், தூக்கத்தைக் கொடுக்கும், மனத்தைத் தெளிய வைக்கும். இதற்குப் 'பிளாசிபோ' பலன் என்று பெயர். இதற்கு நேர்மாறானதும் உண்டு. "இந்த மாத்திரை தலை சுற்றும்" என்று யாராவது சொல்லிவிட்டால், வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் தலை சுற்றும். இது 'நோசிபோ'.

ஆகவேதான் புதிய மருந்து எதையும் சோதிக்கும்போது நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு உண்மையான மருந்து. இன்னொன்றுக்கு அதே நிறம், அதே வடிவம் கொண்ட வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இருவருக்கும் கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். இரு கூட்டத்துக்கும் எதிர்பார்ப்பு சமமாக இருக்கும். பலனில் வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கும் இந்த முறை சரியாக வரும். ஆனால் 'சைக்கடெலிக்' என்று சொல்லப்படும் மருந்துகளில் இந்தக் கண்கட்டு நிற்பதில்லை. காரணம் எளிது. உண்மையான மருந்து கிடைத்தவருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் வண்ணங்கள் மாறும், காலம் நீளும், அழுகையும் பரவசமும் மாறி மாறி வரும். வெற்று மாத்திரை கிடைத்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். யாருக்கு எது கிடைத்தது என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கும் தெரிந்துவிடும்.

என்ன மருந்துகள் இவை?

இவற்றில் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று எல்.எஸ்.டி. ஸ்விட்சர்லாந்து நாட்டில் பாசல் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயன விஞ்ஞானி 1938-ல் இதைத் தயாரித்தார். 1943-ல்தான் அதன் மயக்கம் தரும் குணம் அவருக்கே தெரிந்தது. மற்றது சிலோசைபின். மெக்சிகோ நாட்டு மக்கள் சடங்குகளில் பயன்படுத்திய காளான்களிலிருந்து 1958-ல் இதைப் பிரித்தெடுத்தவரும் அதே ஹாஃப்மன்தான்.

வேறு மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு, புற்றுநோயாளிகளின் மரண பயம், குடிப்பழக்கம் ஆகியவற்றுக்குச் சிலோசைபின் உதவுமா என்று இப்போது ஆராய்ந்து வருகிறார்கள். இது தினம் மூன்று வேளை விழுங்கும் மாத்திரை அல்ல. ஒன்று அல்லது இரண்டு தடவைதான் கொடுப்பார்கள். அதற்கு முன்பும் பின்பும் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியுடன் பல மணி நேரம் பேசுவார்கள். மருந்து வேலை செய்யும் ஆறேழு மணி நேரமும் பக்கத்திலேயே துணை இருப்பார்கள்.

சாப்பிடுகிறவரின் மனநிலையையும் சூழ்நிலையையும் பொறுத்தே இம்மருந்துகளின் குணம் அமையும் என்பது ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே டாக்டர்களுக்குத் தெரியும். மனநிலையை உருவாக்குவது எது? வருவதற்கு முன் அவர் படித்ததும் கேட்டதும் பார்த்ததும்தான்.

பத்திரிகை ஏற்றியது, பத்திரிகை இறக்கியது

இம்மருந்துகளின் சரித்திரமே பத்திரிகைகளோடு பின்னிக் கிடக்கிறது.

ஆர். கார்டன் வாசன் என்பவர் நியூயார்க்கில் பெரிய வங்கி ஒன்றின் துணைத் தலைவர். காளான்களைப் பற்றி ஆராய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. 1955-ல் மெக்சிகோவின் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே மரியா சபீனா என்ற பழங்குடிப் பெண்மணி நோயாளிகளுக்காக இரவு முழுவதும் காளான் பூசை நடத்துவார். வாசன் அதில் கலந்துகொண்டு காளானைச் சாப்பிட்டார். அந்த அனுபவத்தை 1957 மே 13-ந் தேதி இதழில் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை வண்ணப் படங்களுடன் வெளியிட்டது.

அந்தப் பெண்மணியின் பெயரை மாற்றித்தான் போட்டிருந்தார்கள். பயன் இல்லை. ஊர் எது என்று கண்டுபிடித்துக்கொண்டு வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். கிராமத்தார் நோய் தீர்க்கக் காளான் தின்றார்கள். வந்தவர்கள் கடவுளைக் காணத் தின்றார்கள். போலீஸ் கெடுபிடி வந்தது. ஊராரின் கோபம் மரியா சபீனா மீது திரும்பியது. அவர் வீடு எரிந்தது. வெளியார் வந்த பிறகு காளான்களின் சக்தியே போய்விட்டது என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார்.

ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட் 1959-ல், டாக்டரின் மேற்பார்வையில் எல்.எஸ்.டி. சிகிச்சை பெற்றுத் தான் புது மனிதன் ஆனதாகப் பத்திரிகைகளுக்குச் சொன்னார். அக்காலத்தில் அவர் உலகப் புகழ் பெற்ற நட்சத்திரம். நட்சத்திரம் சொன்னால் கேட்பதற்கு ஆளா இல்லை?

ஏற்றிவிட்ட கை இறக்கியும் விட்டது. 1966 மார்ச் மாதம் அதே 'லைஃப்' பத்திரிகை எல்.எஸ்.டி.யை வெடிக்கப் போகும் ஆபத்து என்று அட்டையில் போட்டது. 1967-ல், எல்.எஸ்.டி. உடலின் குரோமோசோம்களைச் சிதைக்கிறது என்ற ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்று வந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. சாதாரண அளவில் அப்படி எந்தச் சேதமும் இல்லை என்று 1971-ல் வேறு விஞ்ஞானிகள் எழுதியது அந்த அளவுக்குப் பரவவில்லை. 1968 ஜனவரியில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆறு கல்லூரி மாணவர்கள் எல்.எஸ்.டி. சாப்பிட்டுவிட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்து கண்களை இழந்தார்கள் என்ற செய்தி அமெரிக்கா முழுவதும் பரவியது. சில நாட்களில் அந்த மாநிலக் கவர்னரே அது கட்டுக்கதை என்று அறிவிக்க நேர்ந்தது. ஓர் அரசாங்க அதிகாரியே இட்டுக்கட்டிய கதை அது!

1970-ல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 1971-ல் சர்வதேச ஒப்பந்தமும் வந்தது. ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றே போயிற்று. மருந்து மாறவில்லை. அதே மருந்துதான். பத்து ஆண்டுகளில் அமிர்தமாகவும் நஞ்சாகவும் அது மக்கள் மனத்தில் மாறி மாறி நின்றது செய்தியால்.

மீண்டும் வந்த மோகம்

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் ஆரோக்கியமான 36 பேருக்குச் சிலோசைபின் கொடுத்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2006-ல் வந்தது. 2016-ல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய இரண்டு ஆராய்ச்சிகளின் முடிவுகள் வந்தன. ஒன்றில் 51 பேர், மற்றதில் 29 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வும் பயமும் குறைந்திருந்தன.

நோயாளிகள் சிலர்தான். ஆனால் செய்தி பெரிது. 2018-ல் மைக்கேல் போலன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புத்தகம் இதைப் பற்றி வெளிவந்து அமோகமாக விற்றது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராக எடுத்தது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க அறிவிப்பு வந்தால் மனுக்கள் குவிந்தன. அந்த 2022-ம் ஆண்டிலேயே, இது ஊதிப் பெரிதாக்கிய குமிழி, என்றாவது உடையும், அதற்குத் தயாராக இருங்கள் என்று கிரிஃபித்ஸும் அவருடைய சகாக்களுமே ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தை நம்பி ஆராய்ந்தவர்களே இப்படி எச்சரித்தது கவனிக்கத் தக்கது.

எதிர்பார்ப்புக்கு ஏது படி, ஏது தராசு?

அரிசியைப் படியால் அளக்கலாம். ஜுரத்தைத் தெர்மாமீட்டரால் அளக்கலாம். மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பை எதனால் அளப்பது?

கேள்வித்தாளால்தான் அளக்கிறார்கள். டெவில்லி, போர்க்கோவெக் என்ற இரு மனவியல் நிபுணர்கள் 2000-ல் வெளியிட்ட கேள்வித்தாள் இன்றும் பயன்படுகிறது. அதில் ஆறே கேள்விகள். இந்தச் சிகிச்சை உங்கள் அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறதா? சிகிச்சை முடியும்போது உங்கள் நோய் எத்தனை சதவீதம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இப்படிப் போகும்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் பகுதியில் "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் "உள்ளுக்குள் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார்கள். அறிவு 40 சதவீதம் என்று சொல்லும்; மனம் 80 என்று சொல்லும். லாட்டரிச் சீட்டு வாங்கியவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2012-ல் வெளியிட்ட இன்னொரு கேள்வித்தாளிலும் ஆறு வரிகள்தான். மூன்று வரிகள் நம்பிக்கையைத் தொடுபவை. மூன்று வரிகள் அச்சத்தைத் தொடுபவை. ஒரே மனிதருக்கு ஒரே நேரத்தில் இரண்டும் இருக்கலாம் அல்லவா? ஆகவே இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள்.

இதை எப்போது கேட்பது என்பது முக்கியம். மருந்து கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். குணமான பிறகு கேட்டால், "எனக்கு அப்போதே தெரியும்" என்றுதான் எவரும் சொல்வார்கள்.

செய்தியின் பங்கைப் பிரிக்கும் வழி

எதிர்பார்ப்பை அளந்தாயிற்று. அதில் செய்தியால் வந்தது எவ்வளவு? இது இன்னும் சிரமமான கணக்கு.

இம்மருந்தைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தீர்கள், எத்தனை படம் பார்த்தீர்கள் என்று நேராகக் கேட்கலாம். போன வாரம் படித்தது இந்த வாரம் நினைவில் இருப்பதில்லை என்பது ஒரு கஷ்டம். இன்னொரு கஷ்டம் அதைவிடப் பெரிது. நிறையப் படித்தவருக்கு நம்பிக்கை அதிகம் இருந்தால், படித்ததால் நம்பிக்கை வந்ததா, நம்பிக்கை இருந்ததால் தேடித் தேடிப் படித்தாரா? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்.

இதை அவிழ்க்க ஒரு வழி உண்டு. நூறு பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு, "இருபது வருஷ நோய் ஒரே நாளில் போயிற்று" என்கிற மாதிரியான கட்டுரை. இன்னொரு பிரிவுக்கு, பலனையும் பக்க விளைவையும் சம அளவில் சொல்லும் கட்டுரை. மூன்றாவது பிரிவுக்கு, சம்பந்தமே இல்லாத ஒரு கட்டுரை. படிப்பதற்கு முன்பும் படித்த பிறகும் அதே ஆறு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் பிரிவின் எதிர்பார்ப்பு 50-லிருந்து 65 ஆகி, மூன்றாவது பிரிவு 50-லேயே நின்றால், அந்தப் பதினைந்து கட்டுரை கொடுத்தது என்று கணக்கு எழுதலாம். இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. முறை இதுதான்.

எத்தனை மணி நேரம் பார்த்தார் என்பதைவிட, என்ன பார்த்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டவணையும் சதவீதமும் போட்டு எழுதிய கட்டுரையும், குணமான ஒருவர் கண்ணீர் மல்கப் பேசும் வீடியோவும் மனத்தில் ஒரே மாதிரி பதிவதில்லை.

அளந்து பார்த்தபோது...

இனி, எதிர்பார்ப்பையும் கண்கட்டையும் கணக்கில் வைத்து நடத்திய சில ஆராய்ச்சிகள் காட்டியதைப் பார்ப்போம்.

முதலாவது, சிட்டிகை அளவு பற்றியது. மயக்கம் வராத அளவுக்குத் துளியூண்டு எல்.எஸ்.டி. அல்லது காளான் சாப்பிட்டால் மூளை சுறுசுறுப்பாகும், வேலை நன்றாக ஓடும் என்ற பேச்சு மேல்நாட்டு அலுவலகங்களில் பரவியிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஏற்கெனவே இப்படிச் சாப்பிட நினைத்த 191 பேர், வீட்டிலேயே மருந்துள்ள குப்பிகளையும் வெற்றுக் குப்பிகளையும் உறைகளில் போட்டு, ரகசியக் குறியீடு ஒட்டிக் கலந்துவிட வேண்டும். தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று தனக்கே தெரியாது! 2021-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் தேறியிருந்தார்கள். வெற்றுக் குப்பி சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள்.

இரண்டாவது, கெட்டமைன் பற்றியது. மயக்க மருந்தாகப் பயன்படும் இதுவும் மனச்சோர்வுக்கு உதவுவதாகச் சொல்லப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டில், வேறு நோய்க்காக ஆபரேஷன் செய்துகொள்ள வந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபரேஷன் மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு பாதிக்குக் கெட்டமைன், மறு பாதிக்கு வெறும் உப்பு நீர் ஏற்றினார்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு எது ஏறுகிறது என்று எப்படித் தெரியும்? 2023-ல் வந்த முடிவின்படி இரண்டு பாதியும் நன்றாகத் தேறியது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. டாக்டர்கள் சுற்றி நின்று கவனித்ததும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் வேலை செய்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

மூன்றாவது எம்.டி.எம்.ஏ. போர், விபத்து, வன்முறை ஆகியவற்றால் மனம் உடைந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 104 பேர் கலந்துகொண்ட ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வந்தது. பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் மருந்து கிடைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தமக்குக் கிடைத்தது மருந்துதான் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். வெற்று மாத்திரை கிடைத்தவர்களிலும் நான்கில் மூன்று பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்கட்டு எங்கே நின்றது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2024 ஜூன் மாதம் கூடியபோது, மருந்தின் பலன் நிரூபணமாகவில்லை என்று 9 பேரும், நிரூபணமாயிற்று என்று 2 பேரும் வாக்களித்தார்கள். ஆகஸ்டு மாதம் அனுமதி மறுக்கப்பட்டது. கண்கட்டு அவிழ்ந்தது அதற்கு ஒரு காரணம். வேறு குறைகளும் இருந்தன.

கதை இதோடு முடியவில்லை. நான்காவது ஆராய்ச்சி வேறு மாதிரிப் பேசுகிறது. இம்பீரியல் கல்லூரியில் மனச்சோர்வு உள்ள 59 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சிலோசைபினையும், வழக்கமாகக் கொடுக்கும் எசிடாலோப்ராம் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். இது 2021-ல் வெளிவந்தது. முதன்மையான அளவுகோலில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. அந்த நோயாளிகளிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த எதிர்பார்ப்புக் கணக்கை 2024-ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தபடியே, சிலோசைபின் மேல் நம்பிக்கை அதிகம் இருந்தது. பழைய மாத்திரை மேல் குறைவு. ஆனால் பழைய மாத்திரையை அதிகம் நம்பியவர்களுக்குத்தான் அது அதிகம் கேட்டது. சிலோசைபினை அதிகம் நம்பியவர்கள், குறைவாக நம்பியவர்களைவிட அதிகம் தேறியதாகத் தெரியவில்லை!

"எல்லாம் வெறும் நம்பிக்கைதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது என்பதை இது காட்டுகிறது. சிறிய ஆராய்ச்சிதான்; இதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. மேலும் ஒரு விஷயம்: பிறர் சொல்வதை எளிதில் ஏற்கும் சுபாவம் உள்ளவர்களுக்குச் சிலோசைபின் நன்றாகக் கேட்டது. செய்தி எப்படியோ ஒரு வாசல் வழியாக உள்ளே நுழையத்தான் செய்கிறது. எந்த வாசல் என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏமாற்றத்துக்கு யார் பொறுப்பு?

நம்பிக்கையால் குணம் வந்தால் நல்லதுதானே, அதை ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பத்து வருஷமாக மனச்சோர்வில் வாடும் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து மருந்துகள் சாப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டார். கடைசி நம்பிக்கையாக இந்த ஆராய்ச்சியில் சேருகிறார். அவருக்குச் சீட்டில் விழுவது வெற்று மாத்திரை. அரை மணியில் அது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் மனம் முன்பு இருந்ததைவிடக் கீழே விழும். இவர் கீழே போகப் போக, மருந்து கிடைத்தவரின் பலன் காகிதத்தில் இன்னும் உயரமாகத் தெரியும். எதிர்பார்ப்பு இரு பக்கமும் தராசைச் சாய்க்கிறது.

உண்மையான மருந்தே கிடைத்தாலும் எல்லோருக்கும் கேட்பதில்லை. 233 பேரிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வந்தது. முழு அளவான 25 மில்லிகிராம் சிலோசைபின் பெற்றவர்களில், மூன்று வாரங்களுக்குப் பிறகு நோய் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். 12 வாரம் வரை அந்தப் பலன் நீடித்தவர்கள் நூற்றுக்கு 20 பேர். வேறு மருந்து கேட்காத நோயாளிகளிடம் இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று நம்பி வந்தவருக்கு, மிச்சம் 63 பேரில் ஒருவராக நிற்பது எப்படி இருக்கும்? "உலகமே குணமானது, எனக்கு மட்டும் இல்லை" என்ற எண்ணம் மனச்சோர்வு உள்ளவருக்கு ஆபத்தானது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் போன்றவை வந்தன. தற்கொலை எண்ணம் சிலருக்கு வந்ததையும் அதே ஆராய்ச்சி பதிவு செய்திருக்கிறது.

பொய்ப் பலனை மெய் என்று நம்பி விற்றால் நோயாளி ஏமாறுவார். மெய்ப் பலனைப் பொய் என்று ஒதுக்கினால் உயிர் காக்கும் ஒரு மருந்து மறுபடியும் முப்பது, நாற்பது ஆண்டு பூட்டிக் கிடக்கும். இரண்டும் நடக்காமல் இருக்க, எதிர்பார்ப்பை அளந்து கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த ஆராய்ச்சியாளர்கள், மருந்து கொடுக்குமுன் எதிர்பார்ப்பைக் கேட்பது, முடிந்தபின் "எது கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது, யாருக்கு எது கொடுத்தார்கள் என்று அறியாத வெளி நிபுணரைக் கொண்டு நோயை மதிப்பிடுவது, வெற்று மாத்திரைக்குப் பதில் குறைந்த அளவு மருந்தைக் கொடுத்து ஒப்பிடுவது என்று பல வழிகளைக் கையாண்டு வருகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் டாக்டர்கள் மட்டும் சில நோய்களுக்குச் சிலோசைபினும் எம்.டி.எம்.ஏ.வும் கொடுக்கலாம் என்று விதி செய்தார்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் சிலோசைபினுக்கென்று உரிமம் பெற்ற நிலையங்கள் 2023-ல் திறக்கப்பட்டன. இவை அங்கே நடப்பவை. நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் எல்.எஸ்.டி., சிலோசைபின் இரண்டும் இருக்கின்றன. வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கொடைக்கானல் பக்கம் காளான் விற்றதாகக் கைதான செய்திகள் அவ்வப்போது வருவதை எல்லோரும் படித்திருப்பார்கள். எந்தக் காளான், எவ்வளவு, யாருக்கு என்று எந்தக் கணக்கும் இல்லாமல் காட்டில் பறித்து விற்பதற்கும், ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருக்க நடக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் செல்போனில் வரும் வீடியோவுக்கு நாட்டு எல்லை ஏது? ஊரை விட்டு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வு தெரியாத நோய் அல்ல. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, வீட்டுக்குப் போன் பேசக்கூட மனம் வராது. அந்த நேரத்தில் "ஒரே நாளில் குணம்" என்ற செய்தி கண்ணில் பட்டால் மனம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லியிருக்கிறதா? பலன் எத்தனை மாதம் நின்றது? இந்த நான்குக்கும் பதில் இல்லாத செய்தி விளம்பரம் மாதிரிதான். முதல் நாள் போஸ்டரைப் பார்த்துப் படத்தை மதிப்பிடுகிறவர் இல்லையே நாம்!

மனச்சோர்வுக்கு இன்றைக்கே கிடைக்கும் சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநோய்ப் பிரிவில் இருக்கிறது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். இவற்றுக்கு விளம்பரம் குறைவு. அதனால் எதிர்பார்ப்பும் குறைவு. ஆனால் வழக்கமான மாத்திரையும்கூட, நம்பிச் சாப்பிட்டவருக்குத்தான் நன்றாகக் கேட்டது என்பதை லண்டன் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது அல்லவா? அந்த நம்பிக்கையை, கைக்கு எட்டுகிற சிகிச்சையின் மேலும் கொஞ்சம் வைக்கலாமே!